முன்பணம் கேட்ட குழாய்கள்

தண்ணீரை அளந்து பங்கிடுவது மனித குலத்திற்குப் புதிய பழக்கமன்று. ஏரிப் பாசனத்தில் நாழிகைக் கணக்கிட்டு மடை திறந்தும் அடைத்தும் முறை வைத்த ஊர்கள் நம் நாட்டில் ஏராளம். ஆனால், குடிக்கவும் குளிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டுக்குள் செல்லும் நீரைக் கருவி வைத்து அளந்து, அளந்தபடியே விலை கேட்பது நகர வாழ்க்கை நமக்குத் தந்த வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் இது வேரூன்றியது. மீட்டர் வந்த ஊர்களிலெல்லாம் சச்சரவும் உடன் வந்தது; சில ஆண்டுகளில் அது ஓய்ந்தும் போயிற்று. பட்டியல் வரும், மக்கள் முணுமுணுப்பார்கள், பிறகு கட்டிவிடுவார்கள். அவ்வாறு ஓயாத ஓர் ஊரின் கதையைத்தான் நாம் இங்கே சொல்ல முற்படுகிறோம். அந்த ஊர் தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் மாநகரின் தென்மேற்கே, ஸொவெட்டோ என்னும் பெருங் குடியிருப்பின் ஒரு பகுதியாக இருக்கிறது. பெயர் பீரி. ஸோத்தோ மொழியில் இச்சொல்லுக்குக் கழுதைப்புலி என்று பொருள்.

கதை விளங்க வேண்டுமானால் ஜோஹன்னஸ்பர்க்கின் பிறப்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். உலகின் பெருநகரங்கள் பலவும் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ பிறந்தவை. இந்நகரமோ தங்கத்தின் மேல் பிறந்தது. 1886இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் மேட்டில் தங்கப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டதும், தண்ணீர் எங்கே என்று கேளாமலே மனிதர்கள் வந்து குவிந்தனர். கடல் மட்டத்திற்குச் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், பெயர் சொல்லத்தக்க ஆறு ஒன்றும் இல்லாத மேட்டில் ஒரு மாநகரம் எழுந்தது. 1903இல் ராண்ட் நீர் வாரியம் அமைக்கப்பட்டு, பின்னர் வால் ஆற்றிலிருந்து நீரை மேலேற்றிக் கொண்டுவரும் ஏற்பாடு நடந்தது. அதுவும் போதாமற் போகவே, 1986இல் அண்டை நாடான லெஸோத்தோவுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, மலைநாட்டு நீரைச் சுரங்க வழியே திருப்பத் திட்டமிட்டார்கள். 185 மீட்டர் உயரமுள்ள கட்ஸே அணையின் நீர் 1998இல் முறைப்படி வந்து சேர்ந்தது. இத்தனை தூரம் ஏறி இறங்கி வரும் நீர் மலிவாக இருக்க முடியாது. இதை மறந்துவிட்டு நகராட்சியைத் திட்டுவது எளிது. நாம் மறவாமல் மேலே செல்வோம்.

நகரம் வளர்ந்தபோது அதன் சுரங்கங்களில் உழைத்த கறுப்பின மக்களுக்கு நகரத்துக்குள் இடம் இல்லை. தென்மேற்கு மூலையில் வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் கட்டி அவர்களைக் குடியேற்றினர். 'தென்மேற்குக் குடியிருப்புகள்' என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர்தான் ஸொவெட்டோ. அது 1963இல் சூட்டப்பட்டது. வீட்டுக்குக் குழாய் தந்தார்கள், மீட்டர் தரவில்லை. வெள்ளையர் வாழ்ந்த புறநகர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர் இருந்தது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துப் பட்டியல் அனுப்பினார்கள். ஸொவெட்டோவிலோ ஒரு வீடு மாதம் 20 கிலோ லிட்டர் செலவிடும் என்று அதிகாரிகளே ஒரு மதிப்பு வைத்துக்கொண்டு, எல்லாரிடமும் ஒரே கட்டணத்தைக் கேட்டார்கள். பதிக்கப்பட்ட குழாய்களும் காலப்போக்கில் துருப்பிடித்து மண்ணுக்குள்ளேயே ஒழுகின. அதைத் தேடிப் பழுது பார்க்க யாருக்கும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

1986இல் ஸொவெட்டோ மக்கள் வாடகையும் சேவைக் கட்டணமும் கட்ட மறுத்தனர். நிறவெறி ஆட்சிக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தாத குடும்பத் தலைவிகளும் முதியோரும் கலந்துகொள்ளக்கூடிய போராட்டம் அது. கட்டணம் கட்டாதிருத்தல் அங்கே கடமையாகவே கருதப்பட்டது. 1990இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டுப் பழைய பாக்கிகள் தள்ளுபடி செய்யப்பட்டன. 1994இல் நெல்ஸன் மண்டேலா தலைமையில் மக்களாட்சி மலர்ந்தது. புதிய அரசு இப்போது அதே மக்களிடம் 'உங்கள் சொந்த அரசுக்குக் கட்டுங்கள்' என்று கேட்க வேண்டியதாயிற்று. கட்ட மறுத்ததால் வீரர் எனப் பெயர் பெற்றவர், அடுத்த ஆண்டே கட்டாததால் கடன்காரர் எனப்படுவதை எப்படி ஏற்பார்? வேலையின்மை வேறு வாட்டியது. கட்ட மனமில்லாதவர் யார், கட்ட வழியில்லாதவர் யார் என்று பிரித்தறிவது எந்த நகராட்சிக்கும் எளிதாக இருக்கவில்லை.

புதிய அரசில் நீர்வளத் துறைக்குப் பொறுப்பேற்றவர் காதர் அஸ்மால். நேட்டாலில் ஸ்டாங்கர் என்னும் சிற்றூரில் 1934இல் இந்திய வம்சாவளிக் குடும்பமொன்றில் பிறந்தவர். நாடு கடந்து அயர்லாந்தில், டப்ளின் நகரின் டிரினிட்டிக் கல்லூரியில் பல்லாண்டுகள் சட்டம் கற்பித்தவர். அங்கிருந்தே நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தை நடத்தியவர். 1994 முதல் 1999 வரை அவர் அமைச்சராக இருந்தபோது இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று 1997இன் நீர்ச் சேவைச் சட்டம். மற்றது 1998இன் தேசிய நீர்ச் சட்டம். நிலத்துக்குச் சொந்தக்காரனே அதன் நீருக்கும் சொந்தக்காரன் என்றிருந்த பழைய நிலைமையை மாற்றி, நாட்டின் நீரனைத்தையும் மக்களுக்காக அரசு காக்கும் பொதுச் சொத்தாக்கியது இரண்டாவது சட்டம். இப்பணிக்காக 2000ஆம் ஆண்டில் அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 1996இல் இயற்றப்பட்ட அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு, போதுமான உணவும் நீரும் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று எழுதி வைத்தது. ஆயினும், அரசு தன்னிடமுள்ள வசதிக்குட்பட்டு நியாயமான நடவடிக்கைகளால் படிப்படியாக அதை நிறைவேற்ற வேண்டும் என்றும் அதே பிரிவு கூறியது. 'போதுமான' என்ற சொல்லும் 'படிப்படியாக' என்ற சொல்லும் பின்னர் நீதிமன்றத்தில் மல்லுக்கு நின்றன.

ஏழைகளுக்கு ஓரளவு நீரை விலையின்றித் தரலாம் என்ற எண்ணம் டர்பன் நகரிலிருந்து வந்தது. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னைப் பட்டினத்திலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்று இறக்கிய அதே டர்பன். தமிழ்ப் பெயர்கள் இன்றும் தெருவுக்குத் தெரு கேட்கும் நகரம். 1990களின் பிற்பகுதியில் அந்நகராட்சி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. ஏழை வீடுகளுக்கு நாளொன்றுக்குத் தரும் 200 லிட்டருக்குப் பணம் வசூலிக்க ஆகும் செலவு, வசூலாகும் தொகையைக் காட்டிலும் மிகுதி. ஆகவே அந்த 200 லிட்டரை இலவசமாகவே விட்டுவிட்டது. 200 லிட்டரை 30 நாளால் பெருக்கினால் 6,000 லிட்டர், அதாவது 6 கிலோ லிட்டர். கணக்கப்பிள்ளையின் மேசையில் பிறந்த இந்த எண் பிறகு தேசியக் கொள்கையாக உயர்ந்தது. 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தேர்தலையொட்டி அரசு இலவச அடிப்படை நீர் வாக்குறுதியை அளித்து, 2001 முதல் செயற்படுத்தத் தொடங்கியது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், அல்லது ஒரு வீட்டுக்கு மாதம் 6 கிலோ லிட்டர் என்று 2001ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தன.

அவ்வாக்குறுதிக்கு முன்னே நடந்த ஒரு துயரத்தையும் சொல்லியாக வேண்டும். 2000 ஆகஸ்டில் குவாஸுலு-நேட்டாலில், எம்பங்கேனி ஊரை அடுத்த சிற்றூர்களில் காலரா வெடித்தது. அங்கே பொதுக் குழாய்கள் இருந்தன. முன்பு இலவசமாக ஓடியவை; பின்னர் பணம் கட்டிய அட்டையைச் செருகினால்தான் திறக்கும் குழாய்களாக மாற்றப்பட்டிருந்தன. கையில் காசில்லாதவர்கள் பழைய ஓடைகளுக்கும் குட்டைகளுக்கும் திரும்பினார்கள். தொற்று மாகாணம் முழுதும் பரவி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்து, இருநூறுக்கும் மேற்பட்டோரை மாய்த்தது. இத்தனைக்கும் காரணம் அந்த அட்டை ஒன்றே என்று நாம் சொல்லமாட்டோம். மலசல வசதியின்மையும் வறுமையும் கூடவே நின்றன. ஆனால் சில காசுகள் கிடைக்க ஒரு குழாயை மூடினால் என்ன விலை கொடுக்க நேரும் என்பது அந்நாட்டு அதிகாரிகளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

2001இல் ஜோஹன்னஸ்பர்க் நகராட்சி தன் நீர் விநியோகத்தை 'ஜோஹன்னஸ்பர்க் நீர்' என்னும் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. நிறுவனம் நகராட்சிக்கே சொந்தம். ஐந்தாண்டு நிருவாகப் பொறுப்பு மட்டும் பிரான்ஸின் சூயஸ் நிறுவனத்தைச் சார்ந்த கூட்டமைப்புக்குத் தரப்பட்டது. புதிதாய் வந்தவர்கள் ஸொவெட்டோவின் கணக்கைப் புரட்டிப் பார்த்துத் திகைத்தனர். நகரம் வாங்கும் நீரில் நான்கிலொரு பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை ஸொவெட்டோவுக்குப் போகிறது. நீர் வருவாயில் நூற்றுக்கு ஒன்று மட்டுமே அங்கிருந்து வருகிறது. ஒரு வீட்டுக்கு 20 கிலோ லிட்டர் என்று மதித்து மாதம் 68 ராண்டு 40 செண்டு கேட்கிறார்கள். உண்மையில் சராசரியாக 67 கிலோ லிட்டர் போய்க்கொண்டிருக்கிறது. அவ்வளவும் மனிதர் குடித்ததோ குளித்ததோ அல்ல. பெரும் பகுதி ஒழுகும் குழாய்களிலும், நிற்காமல் ஓடும் கழிப்பறைத் தொட்டிகளிலும் வீணாயிற்று. லெஸோத்தோ மலையிலிருந்து காசு கொடுத்துக் கொண்டுவந்த நீர் இப்படி மண்ணுக்குள் போவதைத் தடுக்க முனைந்தது குற்றமாகாது. எந்த வழியால் தடுத்தார்கள் என்பதிலேதான் வழக்கு.

திட்டத்துக்கு ஸுலு மொழியில் 'க்ஸினமன்ஸி' என்று பெயரிட்டனர். நீரைச் சேமி என்பது பொருள். அதைத் தொடங்கத் தேர்ந்த இடம் பீரி. 2004ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தெருக்கள் தோண்டப்பட்டன. பழைய குழாய்களுக்குப் பதில் புதியவை பதித்தார்கள். வீட்டினுள் ஒழுகிய குழாய்களையும் தொட்டிகளையும் சீராக்கித் தந்தார்கள். இவை வரவேற்க வேண்டியவையே. பிறகு குடியிருப்போர் முன் இரண்டு வழிகளை வைத்தார்கள். ஒன்று, முற்றத்தில் ஒரே ஒரு குழாய். வீட்டுக்குள் இணைப்புக் கிடையாது. மற்றது, வீட்டுக்குள் இணைப்பு உண்டு, ஆனால் முன்பண மீட்டருடன். மாதம் பிறந்ததும் அம்மீட்டர் 6 கிலோ லிட்டரை இலவசமாகத் தரும். அது தீர்ந்தால் கடைக்குப் போய்ப் பணம் கட்டி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் குழாய் தானாகவே நின்றுவிடும். மீட்டரை ஏற்று, அதில் கைவைக்காமல் மூன்றாண்டு நடந்துகொண்டால் பழைய பாக்கி தள்ளுபடி என்று ஆசையும் காட்டினார்கள். பணக்காரப் புறநகர்களில் உள்ளதுபோல் மாதக் கடைசியில் பட்டியல் வரும் மீட்டர் வேண்டும் என்று கேட்டால், அந்த வழி பீரிக்கு இல்லை.

மக்கள் கூடித் தடுத்தனர், தோண்டிய பள்ளங்களை மறித்தனர், பலர் கைதாகினர். இரு வழிகளையும் ஏற்காத வீடுகளுக்கு நீர் நிறுத்தப்பட்டது. அப்படி 2004 மார்ச்சில் நீர் நின்றுபோன ஒரு வீட்டில் சுமார் 20 பேர் இருந்தனர். அக்டோபர் வரை, ஏழு மாதங்கள் வெளியே சென்று நீர் சுமந்துவந்த பின்பே அவ்வீட்டார் மீட்டருக்கு இணங்கினர்.

இங்கே சற்று நின்று கணக்குப் பார்ப்போம். 6,000 லிட்டரை 30 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 200 லிட்டர். எட்டுப் பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 25 லிட்டர். ஒன்றரைக் குடத்துக்குச் சற்று மேலே. 20 பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 10 லிட்டர். ஒரு குடங்கூட இல்லை. ஒருமுறை கழிப்பறைத் தொட்டியின் சங்கிலியை இழுத்தால் அந்த ஒருநாள் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடும். நகரத்துச் சராசரிக் குடும்பத்தில் மூன்று பேருக்குச் சற்று மேல்தான் என்று நகராட்சி வாதிட்டது. சராசரி அப்படித்தான். ஆனால் பீரியில் ஒரு மனையில் ஒரு வீடு மட்டும் இருப்பதில்லை. பின்கட்டில் தகரக் கொட்டகைகள். அவற்றில் வேறு குடித்தனங்கள். மீட்டரோ மனைக்கு ஒன்று. வீட்டில் கிழவியோ கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் துவைக்க எவ்வளவு நீர் வேண்டும் என்பது பெண்களுக்குத் தெரியும். அந்நாட்டில் எய்ட்ஸ் நோய் வீடு வீடாகப் புகுந்திருந்த காலம் அது. துக்க வீட்டுக்கு வருவோர் எத்தனை பேர் என்பதை முன்கூட்டி எந்த மீட்டரும் அறியாது.

நீதிமன்றத்தில் அளித்த பிரமாணப் பத்திரம் ஒன்றில் இதைவிடக் கொடிய செய்தி இருக்கிறது. 2005 மார்ச்சில் ஒரு மனையின் பின்கட்டுக் கொட்டகை தீப்பற்றியது. குழாயைத் திறந்தபோது மீட்டரில் பணம் தீர்ந்திருந்தது. கொட்டகைக்குள் இருந்த இரண்டு குழந்தைகள் மாண்டன.

2006இல் பீரிவாசிகள் ஐவர், நான்கு பெண்களும் ஓர் ஆணும், நகராட்சியையும் நீர் நிறுவனத்தையும் நீர்வள அமைச்சரையும் எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் சட்ட ஆய்வு மையம் அவர்களுக்குத் துணை நின்றது. முதல் மனுதாரரின் பெயரால் 'மஸிபுகோ வழக்கு' என்று அது உலகச் சட்ட நூல்களில் இடம்பெற்றுவிட்டது. ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நீர் போதும் என்று ஒரு நாட்டின் நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்த அரிய வழக்கு இது. அமெரிக்க நீரியல் அறிஞர் பீட்டர் க்ளெய்க் 1996இல் வகுத்த அளவை மனுதாரர் எடுத்துக் காட்டினர்: குடிக்க 5 லிட்டர், கழிப்பறைக்கு 20, குளிக்க 15, சமைக்க 10, ஆக 50.

2008 ஏப்ரல் 30ஆம் நாள் உயர் நீதிமன்ற நீதிபதி மொரோவா ட்ஸோக்கா தீர்ப்பளித்தார். முன்பண மீட்டர் சட்டத்துக்கும் சாசனத்துக்கும் விரோதமானது; ஒருவருக்கு 50 லிட்டர் இலவசமாகத் தரவேண்டும்; வேண்டுவோர்க்குச் சாதாரண மீட்டரும் தரவேண்டும் என்றார். கறுப்பர் வாழும் பகுதியில் மட்டும் இந்த மீட்டரை வைத்தது பாகுபாடு என்றும் சொன்னார். பட்டியல் பெறும் பணக்காரர், கட்டத் தவறினாலும் முன்னறிவிப்புப் பெறுகிறார், வந்து காரணம் சொல்ல வாய்ப்புப் பெறுகிறார், தவணை கேட்கிறார். பீரிவாசிக்கு நள்ளிரவிலும் மீட்டரே நோட்டீஸ், மீட்டரே தீர்ப்பு. பிரிட்டனிலும் இதுபோன்ற முன்பணக் கருவிகள் இருந்து, 1998இல் நீதிமன்றம் அவற்றைச் சட்டவிரோதம் என்று கூறியதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். அதற்கு அடுத்த ஆண்டே, கட்டணத்துக்காக வீட்டு நீரை நிறுத்துவதையே அந்நாட்டுச் சட்டம் தடை செய்துவிட்டது.

நகராட்சி மேல்முறையீடு செய்தது. 2009 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 50 லிட்டரை 42 லிட்டராகக் குறைத்தது. மீட்டர் சட்டப்படி செல்லாது என்றாலும் சரிசெய்துகொள்ள இரண்டாண்டு அவகாசம் தந்தது. இறுதியாக வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் சென்றது. 2009 அக்டோபர் 8ஆம் நாள் நீதிபதி கேட் ஓ'ரீகன் எழுதிய ஒருமனதான தீர்ப்பு வெளிவந்தது. பீரிவாசிகள் தோற்றனர். எத்தனை லிட்டர் போதும் என்று நிர்ணயிப்பது நீதிமன்றத்தின் வேலையன்று. மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் வேலை. அரசின் நடவடிக்கை நியாயமானதா என்று பார்ப்பதே நீதிமன்றத்தின் வேலை. 6 கிலோ லிட்டர்க் கொள்கை நியாயமானதே. பணம் தீர்ந்து மீட்டர் நிற்பது நீரை நிறுத்துவது ஆகாது, தற்காலிகமாக இடைநிற்பதே ஆகும் என்று அது கூறியது. வீட்டுரிமை பற்றி 2000ஆம் ஆண்டில் அதே நீதிமன்றத்துக்காக டர்பன் இந்தியக் குடும்பத்தில் பிறந்த நீதிபதி ஸாக் யாக்கூப் எழுதிய புகழ்பெற்ற குரூட்பூம் தீர்ப்பின் 'நியாயம்' என்ற அளவுகோலே இங்கும் கையாளப்பட்டது. அந்த அளவுகோல் அன்று வீடற்றோர்க்கு உதவியது. இன்று நீர் கேட்டோர்க்கு உதவவில்லை.

இத்தீர்ப்பைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து எழுதியிருக்கிறார்கள். நீதிபதிகள் லிட்டர்க் கணக்கில் இறங்கினால் முடிவே இராது என்பாரின் வாதத்தில் வலு இருக்கிறது. எனினும், நிறுத்தல் வேறு, இடைநிற்றல் வேறு என்ற அந்தப் பாகுபாட்டை நம்மால் ஏற்க இயலவில்லை. காய்ந்த குழாயின் முன் குடத்துடன் நிற்பவளுக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மாதம் பாதியில் நின்று, அடுத்த மாதம் முதல் தேதி வரும் நீரைத் தற்காலிக இடைநிற்றல் என்று அழைப்பதற்கு நீதிமன்ற மொழி தெரிந்திருக்க வேண்டும். மறுபுறம், தோல்வி முழுத் தோல்வியுமன்று. வழக்கு நடந்த ஆண்டுகளில் நகராட்சி தன் கொள்கையைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியதாயிற்று. வறியோர் எனப் பதிந்துகொண்ட வீடுகளுக்குக் கூடுதல் இலவச நீர் வழங்கியது. அவசரத்துக்கென ஆண்டுக்கு 4 கிலோ லிட்டர் தர ஒப்புக்கொண்டது. ஐவர் நீதிமன்றம் ஏறியதனால் நகராட்சி தன் கணக்கைத் தானே மறுபடி பார்க்க நேர்ந்தது என்பதைத் தீர்ப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. மறு ஆண்டு, 2010 ஜூலை 28ஆம் நாள், ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை குடிநீரை மனித உரிமை என்று 122 வாக்குகளால் அறிவித்தது. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின.

பீரியில் மீட்டர் வந்தபின் நீர்ச் செலவு வெகுவாகக் குறைந்தது உண்மை. அதில் எவ்வளவு ஒழுக்கு அடைபட்டதால் வந்தது, எவ்வளவு மக்கள் வாயையும் வயிற்றையும் கட்டியதால் வந்தது என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது. நாளடைவில் ஸொவெட்டோவில் மீட்டரைச் சுற்றிக் குழாய் போட்டுக்கொள்ளும் கைவேலை பெருகியது. நிறுவனம் கண்டுபிடித்து அகற்றும், மக்கள் மறுபடி போடுவார்கள். 2017 ஜூலையில் ஜோஹன்னஸ்பர்க் நகராட்சி எல்லா வீடுகளுக்குமான 6 கிலோ லிட்டர் இலவசத்தை எடுத்துவிட்டது. அன்று முதல், வறியவர் என்று அலுவலகத்தில் பதிந்து ஒப்புதல் பெற்ற வீட்டுக்கே அது உண்டு. 2024இல் மாநகரின் பல பகுதிகளில், வசதி படைத்த புறநகர்கள் உட்பட, நாட்கணக்கில் குழாய்கள் வறண்டன. பழைய குழாய்களில் இன்னமும் ஒழுக்கு இருந்தது. பட்டியல் பெற்றவரும் முன்பணம் கட்டியவரும் அப்போது தண்ணீர் லாரியின் பின்னே வாளியோடு வரிசையில் நின்றனர்.